வெள்ளை வெளிச்சம் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களின் மறுமைக் காட்சிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை என்று தங்கள் இதழ்க் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. வேர்கள் வெவ்வேறு.

1978இல் தொடங்கிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வைப் பாருங்கள். மேலான உயிர்கள் வாழும் ஒளிக் கப்பலுக்குள் நிற்கும் மனித வீரர்களின் பழுப்புச் சீருடை தூய வெள்ளையாகியிருக்கும். சுற்றிலும் கண்கூசும் வெளிச்சம். நீங்கள் இருக்கும் நிலையில் நாங்களும் ஒருகாலத்தில் இருந்தோம், எங்கள் நிலைக்கு நீங்களும் வரலாம் என்ற பொருளில் அவ்வுயிர்கள் பேசும் ஒரு வசனம் அங்கே வரும். தொடரை உருவாக்கிய கிளென் லார்சன் அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர். அச்சபைத் தலைவராக இருந்த லொரென்சோ ஸ்நோவின் 'மனிதன் இருக்கும் நிலையில் கடவுள் ஒருகாலத்தில் இருந்தார், கடவுளின் நிலைக்கு மனிதன் வரலாம்' என்ற ஈரடியை அறிந்தவர்களுக்கு வசனத்தின் ஊற்று உடனே தெரிந்துவிடும். வில்லனின் பெயரான இப்லீஸோ இஸ்லாத்தில் சைத்தானுக்குரியது.

'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' 1997இல் அதே வெளிச்சத்தைக் கண்ணியாக்கியது. கேப்டன் ஜேன்வேயிடம் மறைந்த தந்தையின் உருவில் வரும் வேற்றுயிர், ஒளிக்குள் வரும்படி வற்புறுத்துகிறது. போனால் அவர் அதற்கு இரை. 1999இல் அதே தொடர் காட்டிய, கிளிங்கன் என்ற வேற்றுக்கிரகப் போர்வீர இனத்தின் படகு வேறு ரகம்: மானமிழந்து மடிந்தவர்களை நரகத்துக்கு ஏற்றிச்செல்லும் இருண்ட கப்பல். கிரேக்கப் புராணத்தில் இறந்தவர்களை அக்கரை சேர்க்கக் காரோன் ஓட்டும் ஓடத்துக்கு அது நெருங்கிய உறவு.

சறுக்கியது, விண்வெளித் தொடரல்ல என்றாலும், விமான விபத்தில் தீவொன்றில் சிக்கியவர்களைப் பற்றிய, 2010இல் முடிந்த 'லாஸ்ட்'. இறுதி அத்தியாயத்தில், சவப்பெட்டி இருக்கும் அறையின் வண்ணக் கண்ணாடிச் சன்னலில் ஓம், சிலுவை, பிறை, தாவீதின் நட்சத்திரம், தர்மச் சக்கரம், யின்-யாங் ஆகிய ஆறும் இருக்கும். எந்த மறுமை என்று சொல்லத் தயங்கியதால் ஒன்றுமே அழுத்தமாகப் பதியவில்லை.

அடுத்த கட்டுரையிலாவது அத்தியாயத்தையும் ஆண்டையும் குறிப்பிட்டு ஒப்பிட வேண்டுகிறேன்.

– வாசகர், கும்பகோணம்