பாப்பாவுக்கு, பேஸ் வாங்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. போனில் பேசினால் நீ பாதியிலேயே “சரி நைனா, சரி நைனா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் படங்களை எல்லாம் பார்த்தேன். விலை, மரம், பிக்அப், மாதத் தவணை எவ்வளவு வரும் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தாய். கடைசியில் மட்டும் ஒரு வரி. தோழியின் ரிகர்சலில், பெரிய வயலின் மாதிரி நிமிர்ந்து நிற்கிற டபுள் பேஸை ஐந்து நிமிஷம் பிடித்துப் பார்த்தேன், அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை என்று. அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். தூக்கத்தைக் கெடுத்தது எதுவோ, மனசு அங்கேதான் இருக்கிறது.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஸ்ட்ரிங்குக்குத் தவணை கட்டாதே. கையில் இருக்கிற பேஸை விற்காமல் நன்றாகச் சரிசெய்து வைத்துக்கொள். மிச்சமாகும் பணத்தை டபுள் பேஸுக்கென்று சேர்த்து வை. நானும் என் பங்குக்குப் போடுகிறேன்.

ஐந்தாவது ஸ்ட்ரிங்கில் பிரயோஜனம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாடுகிறவர் கடைசி நிமிஷத்தில் “அண்ணா, அரைக்கட்டை இறக்கிக்கலாம்” என்பார். ஈ-யில் இருந்த பாட்டு ஈ ஃப்ளாட்டுக்கு வந்துவிடும். நாலு ஸ்ட்ரிங்கில் அடியில் அந்த சுரம் கிடையாது, மேலே ஏறித்தான் வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் கீழே இன்னொரு ஸ்ட்ரிங் இருந்தால் நிம்மதி. ஆனால் நீ வாசிக்கிற இடங்களை நினைத்துப் பார். ஈ ஸ்ட்ரிங்கின் திறந்த சுரமே 41 ஹெர்ட்ஸ். பி ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் நாங்கள் கச்சேரி செய்தபோது மேடையில் என் கால் அதிரும். தெருமுனையில் கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரிலோ பேஸ் என்ற ஒன்றே இருக்காது. அந்தக் கூம்புக்கு அவ்வளவு கீழே போகிற வேலை தெரியாது. உங்கள் காஃபி கடை நிகழ்ச்சிகளில் இருக்கிற சின்னப் பெட்டிகளும் 31 ஹெர்ட்ஸைக் கொடுக்காது. அந்த சுரத்தோடு சேர்ந்து எழும் மேல் சுரங்கள்தான் கேட்கிறவர் காதுக்குப் போய்ச் சேரும். அதையும் மீறி வாங்குவதாக இருந்தால் 35 அங்குல ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிர்கிற நீளம், இருப்பதைப் பார். 34 அங்குலத்தில் பல பேஸ்களில் பி ஸ்ட்ரிங் தொளதொள என்று ஆடும். நீ அனுப்பியதில் பாதி பேட்டரி போடுகிற ஆக்டிவ் பேஸ். வாசித்து முடித்ததும் ஜாக்கைப் பிடுங்காவிட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், அதையும் சொல்லி வைக்கிறேன். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார், மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளில் வாசித்தவர். அவர் கையில் இருந்தது 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன், நாலே ஸ்ட்ரிங். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் மீட்டுவார். அதற்கு முன்னால் அவர் டபுள் பேஸ்காரர். அந்தக் கைதான் அவருக்கு எலக்ட்ரிக்கிலும் பேசியது என்று நான் நம்புகிறேன்.

நம்ம ஊரில் அந்தப் பாடத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இளையராஜாவின் பாட்டுகள். அவருக்கு வாசித்த சசிதரனின் பேஸைப் பிடிக்க சத்துவாச்சாரி வீட்டில் கேசட்டை ரிவைண்ட் பண்ணி ரிவைண்ட் பண்ணி, டேப் ரிக்கார்டரின் மரப்பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கேட்போம். பாடகர் ஒரு மெட்டில் போவார், அடியில் பேஸ் தனியாக இன்னொரு மெட்டு பாடிக்கொண்டு போகும். அதைக் கேட்டுப் பழகியவனுக்கு எத்தனை ஸ்ட்ரிங் என்பது இரண்டாம் பட்சம்.

சரி, உன் பழைய பேஸுக்கு வருவோம். போன தடவை நீ வந்தபோது வாசித்துப் பார்த்தேன். நெக்கில் குறுக்கே பதித்த கம்பிகள் இருக்கிறதே, அந்த ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவதில் ஸ்ட்ரிங் எக்கச்சக்க உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரம் அழுத்தும்போது ஸ்ட்ரிங் இழுபட்டு சுதி ஏறிவிடுகிறது. உன் மணிக்கட்டு வலிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நெக் முன்பக்கமாக வளைந்திருக்கிறது. மெட்ராஸ் ஈரக்காற்றில் ஒரு மாதம், நம்ம ஊர் வெயிலில் ஒரு வாரம் என்று அலைகிற மரம் வேறென்ன செய்யும்? ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், நெக் உடம்போடு சேர்கிற இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்திப் பிடி. ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற சந்து இருந்தால் போதும். அதைவிட அதிகம் இருந்தால் நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை, அதாவது டிரஸ் ராடை, முறுக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதே. திருப்பிவிட்டு ஒரு ராத்திரி விடு, மறுநாள் பார். நட்டு இறுகி நின்றால் பலம் காட்டாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோ. அதற்கப்புறம் உடம்பின் மேல் ஸ்ட்ரிங்குகளைத் தாங்குகிற பிரிட்ஜில் உயரத்தை இறக்கு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் உன் விரல் உனக்கு நன்றி சொல்லும். கடைசியாக, அதே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டு எழுப்புகிற ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடு. அழுத்தியது ஏறி நின்றால், பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காருகிற சேடிலை நெக்கை விட்டுப் பின்னால் தள்ளு.

ஸ்ட்ரிங்கையும் மாற்று. இந்த முறை தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் போடு. மழமழப்பாக இருக்கும், விரல் நகரும்போது கீச்சுச் சத்தம் வராது, வருஷக்கணக்கில் உழைக்கும். நீ ஆசைப்படுகிற அந்த மரச் சத்தத்துக்குக் கொஞ்சம் பக்கத்திலும் வரும். அது போட்டதும் நெக் மறுபடி அசையும், மறுபடி பார்த்துக்கொள். இவ்வளவுக்கும் ஆகிற செலவு உன் தவணையில் ஒரு மாதத்துக்குக்கூட வராது.

இனி டபுள் பேஸ். இதை மட்டும் நிதானமாகப் படி.

வாங்குவதற்கு முன்னால் வாத்தியாரைத் தேடு. எலக்ட்ரிக் பேஸில் 34 அங்குல ஸ்ட்ரிங், இதில் 41, 42 அங்குலம். ஃப்ரெட் கிடையாது. கீழ்ப் பொசிஷனில், அதாவது நெக்கின் தலைப்பக்கத்தில், நாலு விரலுக்கு நாலு சுரம் என்று பரப்ப முடியாது. ஒன்று, இரண்டு, நாலாவது விரல் என்று மூன்று இடம்தான், மூன்றாவது விரல் நாலாவதுக்கு முட்டுக்கொடுக்கும். சிமாண்ட்ல் என்ற டபுள் பேஸ் வாத்தியார் எழுதிய பழைய பாடமுறை இது, இன்றைக்கும் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். கட்டைவிரலால் நெருக்கிப் பிடிக்காமல் கையின் கனத்தால் ஸ்ட்ரிங்கை அமர்த்த வேண்டும். இது யாராவது பக்கத்தில் நின்று தோளைத் தொட்டுத் திருத்தினால் வருகிற விஷயம். நீயாகப் பழகினால் தோளும் முதுகும் போய்விடும், அதுதான் என் பயம். வில்லையும் ஆரம்பத்திலிருந்தே படி. நீ ஜாஸ் மட்டும் விரலால் வாசித்தால் போதும் என்று சொல்வாய். வில் நீளமாக இழுக்கும்போது உன் சுதி எங்கே நிற்கிறது என்பது ஒளிய முடியாமல் தெரியும், காதுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. தோழியிடமோ வாத்தியாரிடமோ வாடகைக்கு ஒன்று கிடைத்தால் முதல் வருஷம் அதிலேயே ஓட்டு.

வாங்கும்போது முக்கால் சைஸ் என்று சொல்வார்கள், சின்னது என்று நினைத்து விட்டுவிடாதே. பெரியவர்கள் பெரும்பாலும் வாசிப்பது அதுதான். மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரத்தில் செதுக்கியதா, ஒட்டுப்பலகையா என்று கேள். செதுக்கியதன் சத்தம் அழகு, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் பாப்பா, நீ அக்னி நட்சத்திரத்தில் வேலூருக்கு எடுத்து வருகிறவள். 40 டிகிரிக்கு மேல் காய்கிற ஊர், பாலாற்றில் மணல்கூடக் கொதிக்கும். முழுமரம் அந்தக் காய்ச்சலில் விரிசல் விடும். முதல் பேஸ் ஒட்டுப்பலகையாக இருக்கட்டும். அதிலும் நல்ல சத்தம் வரும், ஊர் விட்டு ஊர் போனாலும் தாங்கும். பலகைகளின் விளிம்பில் ஒட்டு எங்காவது விட்டிருந்தால் பயந்து ஓடிவராதே. மரம் பிளப்பதற்குப் பதில் ஒட்டு விடட்டும் என்றுதான் அந்தப் பசையைப் போடுகிறார்கள், தெரிந்தவர் திரும்ப ஒட்டிவிடுவார். நெக் உடம்போடு சேர்கிற இடத்தில் விரிசல், மேல்பலகையில் பிரிட்ஜ் காலடியில் விரிசல், இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். விரல் பலகை கருங்காலியா, வெறும் மரத்துக்குக் கறுப்பு அடித்ததா என்று பக்கவாட்டில் பார்.

பிரிட்ஜையும், உள்ளே மேல்பலகையைத் தாங்கி நிற்கிற சின்ன மரக்குச்சியான சவுண்ட் போஸ்டையும் யாரும் ஒட்டுவதில்லை. மேலே ஸ்ட்ரிங்குகள் நூறு கிலோவுக்கு மேல் இழுத்து அழுத்துவதால் அவை நிற்கின்றன. அதனால் நாலு ஸ்ட்ரிங்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதே, ஒவ்வொன்றாக மாற்று. எப்போதாவது உள்ளே போஸ்ட் விழுந்த சத்தம் கேட்டால் மட்டும் உடனே எல்லாவற்றையும் தளர்த்திவிடு, இல்லாவிட்டால் மேல்பலகை உள்வாங்கும். வாங்கும் விலையோடு செட்டிங் செலவையும் சேர்த்தே கணக்குப் போடு. பிரிட்ஜ் செதுக்காத புதுப் பேஸில் ஸ்ட்ரிங் எட்டாத உயரத்தில் இருக்கும், அதில் பழகினால் ஒரே மாதத்தில் வெறுத்துப்போகும்.

எலக்ட்ரிக் அப்ரைட் என்று உடம்பில்லாத ஒன்று இருக்கிறதே, தூக்க வசதி என்று அண்ணன் சொன்னான். வசதிதான். ஆனால் உன் தூக்கத்தைக் கெடுத்தது நெஞ்சில் சாய்த்த பலகை அதிர்ந்ததுதானே? அது அதில் கிடைக்காது.

வீட்டையும் பார்த்துக்கொள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற சாமான், நீ இருப்பது இரண்டாவது மாடி. படி திரும்புகிற இடத்தை டேப் வைத்து அள. பகலில் வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கமும், ஏசி காற்று நேராகப் படுகிற இடமும் ஆகாது. மூலையில் படுக்கவைத்தால் பக்கவாட்டில் படுக்க வை, பிரிட்ஜ் சுவர்ப்பக்கம் இருக்கட்டும். காட்பாடியிலிருந்து ரயிலில் கொண்டுவரலாம் என்று கனவு காணாதே, தீபாவளிக்கு நான் சித்தப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பணத்துக்கு வருகிறேன். என் பழைய ஆம்பை விற்கப் போகிறேன், கச்சேரிக்குப் போவதை நிறுத்தியபிறகு அது சும்மாதான் இருக்கிறது. அதோடு கொஞ்சம் சேர்த்து 40,000 ரூபாய் உன் கணக்கில் போடுகிறேன். அம்மாவும் சீட்டுப்பணம் எடுக்கும்போது தருவதாகச் சொல்கிறாள். கடன் என்று எழுதி வைக்காதே. நீ பேஸ் வாசிக்கிறாய் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நான் சரியாகச் சொன்னதே இல்லை. இந்த ஊரில் யாராவது கேட்டால் “என் பொண்ணும் பேஸ்தான்” என்று சொல்லிவிட்டுத்தான் மறுபேச்சு.

வாத்தியார் யாரென்று விசாரித்து இந்த வாரமே எழுது. விரிசல் பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிடு, காலைப் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
நைனா