2024-25 ஆண்டறிக்கை: நம்ம காலனி பூங்காவும் தேன்சிட்டும்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். தண்ணி, தெருவிளக்கு, சாக்கடை விஷயமெல்லாம் மாசக்கூட்டத்துலயே பேசி தீர்மானம் போட்டாச்சு, வரவு செலவ பொருளாளர் அண்ணே தனியா வாசிப்பாரு. அதனால செயலாளர் அறிக்கையில நான் பூங்கா வேலைய மட்டும் விரிவா சொல்றேன், இந்த வருஷம் சங்கத்துல அதிகமா பேசுனதும் அதத்தான்.

போன பொதுக்குழுவுல தேன்சிட்டு வர்ற மாதிரி செடி வைக்கணும்னு முடிவெடுத்தோம்ல, நர்சரில போயி கேட்டா கலரா பூக்குற எதக் காட்டுனாலும் குருவி வரும் சார்னு தான் சொல்றாங்க. கலரும் முக்கியம் தான், சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் பறவை கண்ணுக்கு நல்லா தெரியும், தேனீக்கு சிவப்பு அவ்வளவா தெரியாது. ஆனா கிட்ட வந்த பிறகு வயிறு நெறையுமா இல்லையாங்கறது பூவோட வடிவத்துல தான் இருக்கு. குழல் எவ்வளவு நீளம், எந்தப்பக்கம் வளைஞ்சிருக்கு, உக்கார காம்பு இருக்கா, இதெல்லாம் பாக்கணும்.

நம்ம பக்கம் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு மூணும் உண்டு. மொதல்ல சொன்னதுக்கு அலகு குட்டை, லோட்டனுக்கு நல்லா நீளமா அரிவாள் கணக்கா வளைஞ்சிருக்கும். நீளக்குழல் பூவுல லோட்டன் வாசல் வழியாவே அலக விட்டுக் குடிச்சிரும், குட்டை அலகுக்காரன் எட்டாம பூவோட அடியில ஓட்டை போட்டு உறிஞ்சிரும். செம்பருத்தியில எல்லாரும் பாத்திருப்பீங்க, மகரந்தத் தண்டு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், சிட்டு பக்கவாட்டுல உக்காந்து இதழுக்கு அடியில அலக செருகி குடிச்சிட்டுப் போயிரும், மகரந்தம் மேல படவே படாது. செடிக்கு அதுல ஒரு லாபமும் இல்ல. அடுக்குச் செம்பருத்தின்னா இன்னும் மோசம், உள்ள இதழா அடைச்சுக்கிட்டு வழியே இருக்காது, அதனால ஒத்தச் செம்பருத்தியே வைங்கன்னு கேட்டுக்கிறேன்.

ஒரு உறுப்பினர் ஆசையா ஆன்லைன்ல ஹம்மிங்பேர்டு ஃபீடர், அதாவது சர்க்கரைத் தண்ணி ஊத்தித் தொங்கவிடுற குடுவை, வாங்கிக் குடுத்தாங்க, அவங்களுக்கு நன்றி. ஆனா வாட்ஸ்அப்ல நம்ம தேன்சிட்டையே ஹம்மிங்பேர்டுன்னு போடுறாங்களே, அது வேற இனம், அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும் தான் இருக்கு. அது வினாடிக்கு 50 தடவை வாக்குல செறக அடிச்சு அந்தரத்துல நின்னே குடிக்கும், அதனால அங்கிட்டு பூவெல்லாம் உக்கார இடமே இல்லாம வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். நம்ம சிட்டு கொஞ்ச நேரம் அந்தரத்துல படபடக்கும், ஆனா உக்காந்து குடிக்கத்தான் பாக்கும். தென்னாப்பிரிக்காவுல பபியானா ரிங்கென்ஸ்னு ஒரு செடி, பூவே இல்லாத ஒரு தண்ட நீட்டி வச்சிருக்கு, தேன்சிட்டு அதுல தொங்கிக்கிட்டு குடிக்கும்போது நெஞ்சுல மகரந்தம் ஒட்டிக்கிடும். உக்கார்றதுக்குன்னே ஒரு செடி இடம் போட்டுக் குடுக்குதுன்னா யோசிச்சுப் பாருங்க! 2005-ல இத ஆராய்ச்சியாவே போட்டிருக்காங்க. செயின்ட் லூசியா தீவுல இன்னும் ஆச்சரியம், அங்க ஒரு ஹம்மிங்பேர்டுல பொட்டைக்கு அலகு நீளமா வளைஞ்சிருக்கும், ஆணுக்கு கொஞ்சம் குட்டையா நேரா இருக்கும், ரெண்டும் அததுக்கு ஏத்த வேற வேற ஹெலிகோனியா பூவத் தேடிப் போகுது.

மல்லிய ஏன் வைக்கலன்னு அக்கா ஒருத்தங்க கேட்டாங்க. 2013-ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம மதுரை மல்லி மேல யாருக்குத் தான் பிரியம் இல்ல, ஆனா வெள்ளையா, சாயங்காலத்துக்கு மேல விரிஞ்சு, வாசனையா இருக்குற பூ ராத்திரிப் பூச்சிக்கு ஏத்தது. தேன்சிட்டு பகல்ல அலையுற ஜீவன், வாசனைய வச்சு பூவத் தேடாது.

வேப்பமரத்துல இருக்குற புல்லுருவிய மொத்தமா வெட்டணும்னு ஒரு மனு வந்திருக்கு. அதோட ஆரஞ்சுக்குழல் பூ தேன்சிட்டுக்கே அளவெடுத்த மாதிரி, பழத்த பூங்கொத்திங்கற குட்டிக் குருவி தின்னும். மரம் வாடுற அளவுக்கு இருந்தா மட்டும் கழிப்போம், மத்தத விட்ருவோம்னு நான் கேட்டுக்கிறேன். பூச்சி மருந்து அடிக்கிறதையும் நிறுத்தணும், தேன்சிட்டு குஞ்சுக்கு அதிகமா ஊட்டுறது தேன் இல்ல, புழு, பூச்சி, சிலந்தி தான்.

வர்ற வருஷத்துக்கு கல்யாண முருங்கை வைக்க ஒப்புதல் கேக்குறேன். எல உதிர்ந்து மொட்டையா நிக்கிறப்ப செவசெவன்னு பூக்கும், கொத்து பக்கத்துலயே தடியான கிளை இருக்கும், மைனா, காக்கா, கரிச்சான்கூட வந்து குடிக்கும். போத்து, அதாவது வெட்டுன கிளைத்துண்டு, நட்டாலே வரும். இலையில முடிச்சு முடிச்சா வீங்குற குளவி நோய் உண்டு, அதனால நோயில்லாத மரமா பாத்துத் தான் வெட்டணும், அழகர்கோவில் ரோட்டுல தோப்பு வச்சிருக்க ஒரு உறுப்பினர் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. புரட்டாசி கடைசி ஞாயித்துக்கிழமை குழி வெட்ட வர்றவங்க கூட்டம் முடிஞ்சதும் எங்கிட்ட பேர் குடுத்துருங்க, கடப்பாரை இருந்தா எடுத்துட்டு வாங்க.