அயோமியின் விரல்கள்: சில திருத்தங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிளாக் சபாத் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்கள் வாசிக்கும் கனத்த, இரைச்சலான ராக் வகையான ஹெவி மெட்டல் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க அவருடைய வெட்டுப்பட்ட விரல்களையே சுற்றி வந்து, தன்னம்பிக்கைப் பிரசங்கமாக முடிந்துவிட்டது. இருபது வருடம் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டியவன் நான். சுமாராகக் கிட்டாரும் வாசிப்பேன். அந்த உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் விபத்து. 'விதி விளையாடியது' என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பர்மிங்காமில் ஒரு தகடு வேலைத் தொழிற்சாலையில் அயோமிக்கு வெல்டிங்தான் வேலை. வயது 17. ஒரு குழுவோடு வாசிக்கப் போவதற்காக வேலையை விட்டுவிட்டார், அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தார். அம்மாதான் வேலையை முடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். பிரஸ் ஓட்டும் ஆள் அன்று வரவில்லை, பழக்கமில்லாத இந்தப் பையனை அதில் நிறுத்திவிட்டார்கள். மிஷின் கையின் மேல் இறங்க, அவர் வெடுக்கென்று இழுக்க, நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. வராத ஆளின் மிஷினில் கிடைத்தவரை நிறுத்துவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நான் இருந்த பட்டறையில் அப்படித்தான் ஒருவருக்கு ஆள்காட்டி விரல் பாதி போனது. அங்கேயும் விதி என்றுதான் சொன்னார்கள்.

தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டிய கதையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். 1928இல் தீயில் இரண்டு விரல்கள் முடங்கிப்போன ஜாஸ் மேதை அவர். சரி, அதைக் கேட்டு மனம் தேறியது. ஆனால் மனம் தேறினால் மட்டும் கம்பியை அழுத்திவிட முடியுமா? பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை அயோமி உருக்கி உருண்டையாக்கினார். பற்றவைக்கும் சூட்டுக்கோலால் அதில் துளை போட்டு விரலில் மாட்டிப் பார்த்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, கம்பி வழுக்காமல் இருக்கப் பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி ஒட்டினார். பட்டறையில் பழகிய கைக்கு வரும் யோசனை இது. அப்படியும் உறைக்குள் இருக்கும் விரலுக்கு ஸ்பரிசம் தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கண்ணாலும் காதாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கிட்டார் கம்பிகளோ தடிமன். மெல்லியவை கடையில் கிடைக்காததால் பாஞ்சோ என்ற இன்னொரு நரம்பு வாத்தியத்தின் கம்பிகளை வாங்கி மாட்டிக்கொண்டார்.

இனி முக்கியமான பிழை. விரல் வலி தாங்காமல் சுருதியைக் குறைத்தார், அதிலிருந்துதான் முதல் ஆல்பத்தின் இருண்ட ஒலி பிறந்தது என்கிறது கட்டுரை. 1970 பிப்ரவரி 13இல் வந்த முதல் ஆல்பமும், அதே வருடம் வந்த 'பாரனாய்ட்' ஆல்பமும் வழக்கமான சுருதியில் வாசித்தவை. மூன்று அரைச்சுரம் (கிட்டாரில் மூன்று கட்டை அளவு) கீழே இறக்கிய பாடல்கள் 1971இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்தான் வருகின்றன. அதனால் விரலுக்குச் சுகம் கிடைத்தது உண்மை. அதே கம்பியை மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் முதல் ஆல்பத்தின் இருட்டு வேறு இடத்திலிருந்து வந்தது. அதன் முதல் பாட்டைக் கேளுங்கள்: கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். மூன்றே சுரம். நமக்குக் கல்யாணியில் தேனாக இருக்கிற அதே பிரதி மத்திமம்தான். பக்கத்தில் பஞ்சமம் இல்லாமல், மெதுவாக, கரகரப்போடு தனியே நிறுத்தினால் வயிற்றைப் பிசைகிறது. இதை விரல் நுனியின் கணக்கில் எழுதினால் அயோமியின் காதுக்கு என்ன மரியாதை?

இன்னொன்று, 1968 கடைசியில் அவர் கொஞ்ச நாள் ஜெத்ரோ டல் என்ற இன்னொரு ராக் குழுவில் இருந்தது. கட்டுரையில் அது ஒரு துணுக்காக வந்து போகிறது. அந்தக் குழு காலை ஒன்பது மணிக்கே ஒத்திகைக்கு உட்கார்ந்துவிடும். அயோமி திரும்பி வந்து தன் நண்பர்களையும் அதே நேரத்துக்கு எழுப்பி உட்கார வைத்தார். 1969 அக்டோபரில் ஒரே நாளில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய முடிந்தது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த ஒன்பது மணிதான்.

1979இல் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நீக்கப்பட்ட பிறகு நடந்ததைக் கட்டுரை இரண்டே வரியில் தாண்டுகிறது. ரோனி ஜேம்ஸ் டியோ வந்து 1980இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' செய்தார்கள், பிறகு இயன் கில்லன், க்ளென் ஹ்யூஸ், டோனி மார்ட்டின் என்று பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எண்பதுகளின் ஆல்பங்கள் சில என்னைப் பொறுத்தவரை தேறாது. ஆனாலும் எல்லா ஆல்பத்திலும் இருந்தவர் அயோமி ஒருவர்தான். 2012இல் நிணநீர்ப் புற்றுநோய் தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவில் செய்த '13' ஆல்பம் 2013இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தக் குழுவுக்கு அங்கே முதலிடம் அதுவே முதல் தடவை. 2025 ஜூலை 5இல் பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் குழுவைத் தொடங்கிய நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். 17 நாள் கழித்து ஆஸி இறந்தார். ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

கடைசியாகப் படம். அயோமி இடதுகைக்காரர், அதனால் கம்பியை அழுத்துவது வலது கை, அடிபட்டதும் அதே கைதான். நீங்கள் அச்சிட்ட படத்தில் அவர் நம் எல்லோரையும் போல இடது கையால் அழுத்துகிறார். படம் இடவலம் மாறியிருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் லேனி என்ற பெயரைப் படித்துப் பாருங்கள், கண்ணாடி வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்