ஸ்டார் ஸ்டிக்கரில் தமிழில் மூன்று வரி வேண்டும்

எரிசக்தித் திறன் பணியகம்,
சேவா பவன், ஆர்.கே.புரம்,
புதுதில்லி.

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

திருச்சியில் எங்கள் தெருவில் யார் ஃப்ரிட்ஜ், ஏசி வாங்கப் போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு எலக்ட்ரிக்கல் வேலை எதுவும் தெரியாது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படிப்பேன், பெருக்கி வகுத்துச் சொல்வேன். அதற்கே தெருவில் ஒரு மரியாதை இருக்கிறது. அதில் பாதி உங்களால் வந்தது. நீங்கள் ஒட்டச் சொல்லும் ஸ்டார் ஸ்டிக்கரை இங்கே யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, அதனால் வந்தது.

குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2006இல் நீங்கள் இந்த ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியிராவிட்டால் கடைக்காரர் வாயைப் பார்ப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியே இருந்திருக்காது. புது ஏசி 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் கொண்டுவந்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று நீங்கள் எத்தனை முறை விளம்பரம் செய்திருந்தாலும் என் வீட்டுக்காரர் கேட்டிருக்க மாட்டார். ரிமோட்டைத் தேடி எடுத்துக் குறைக்கச் சோம்பல்பட்டே 24இல் தூங்கப் பழகிவிட்டார்.

சரி, இப்போது ஸ்டிக்கருக்கு வருகிறேன்.

மார்ச்சில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏசி பார்க்கப் போனோம். "ஃபைவ் ஸ்டார் இன்வெர்ட்டர்ம்மா. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க, கரண்ட் பில்லே தெரியாது" என்றார் கடைப் பையன். அவள் என் காதோரம் குனிந்து, "கரண்ட் போனாலும் ஓடுமாக்கா?" என்றாள். சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனதும் ஃபேனை ஓட்டும் பேட்டரிப் பெட்டி. ஏசிக்குள் இருப்பது வேறு இன்வெர்ட்டர். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசரை அடியோடு நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து ஓடவிடுவது அதன் வேலை. டன் என்பதும் இப்படித்தான். ஒன்றரை டன் ஏசியைச் சுவர் தாங்குமா என்று கவலைப்பட்ட பெரியவரை நான் அறிவேன். ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்தக் கணக்கில் அந்தக் காலத்தில் வைத்த அளவு அது என்று சொன்ன பிறகுதான் அவருக்கு நிம்மதி.

அன்று இரண்டு ஒன்றரை டன் ஏசிகள் எங்கள் முன்னால் இருந்தன. ஒன்று 3 ஸ்டார், வருடத்துக்கு ஏறத்தாழ 1,000 யூனிட். இன்னொன்று 5 ஸ்டார், சுமார் 760 யூனிட். விலையில் எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம். 240 யூனிட் மிச்சம் என்றதும் அவள் பர்ஸைத் திறந்துவிட்டாள். நான் தடுத்தேன். ஏனென்றால் ஸ்டிக்கரில் இருக்கும் அந்த வருடக் கணக்கு ஏசி 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டு போட்டது. அவள் வீட்டில் ஏசி ஓடப்போவது சித்திரை, வைகாசி, அதை ஒட்டிக் கொஞ்ச நாள், அதுவும் ராத்திரி மட்டும். நாளுக்கு 8 மணி நேரம், 75 நாள் என்று வைத்தால் 600 மணி நேரம். தோராயமாகப் பார்த்தால் அவளுக்கு மிச்சமாவது 90 யூனிட். யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் எட்டாயிரத்தைத் திரும்ப எடுக்கப் பத்து வருடம் ஆகும். அதே கடைக்கு அடுத்த வாரம் என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் 5 ஸ்டாரையே வாங்கவைத்தேன். அவன் வீட்டில் வயதான அம்மா ஏசி அறையில்தான் இருக்கிறார், வருடத்தில் 2,400 மணி நேரம் தாராளமாக ஓடும். அவனுக்கு மிச்சம் 360 யூனிட்.

இரண்டு வீட்டுக்கும் ஒட்டியிருந்தது ஒரே ஸ்டிக்கர்தான். கணக்கைத் திருப்பிவிட்டது அந்த 1,600 என்ற எண். கடையில் ஒருவரும் அதை வாய் திறந்து சொல்வதில்லை.

எங்கள் பில் எப்படி வருகிறது என்பதும் தில்லியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் அடுக்கடுக்காக ஏறும். 2022இல் கட்டணத்தைத் திருத்தியபோது வந்த அடுக்குகளின்படி 500ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரைக்கான கூடுதல் சலுகை போய்விடும். அந்த ஒற்றை யூனிட்டால் பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும். அதனால் ரீடிங் எடுக்கும் தேதி நெருங்க நெருங்க எங்கள் தெருவில் அயர்ன் பாக்ஸ்கூடச் சூடாகாது. இப்படி வாழ்கிறவர்களிடம் 'வருடத்துக்கு இத்தனை யூனிட்' என்று நீட்டினால் ஆறால் வகுக்க ஒரு ஆள் கூட வர வேண்டியிருக்கிறது. அந்த ஆள் நான்.

அடுத்தது வருடக் குழப்பம். 2022 ஜூலையில் ஏசிக்கு ஸ்டார் கொடுக்கும் அட்டவணையை நீங்கள் இறுக்கினீர்கள். அதுவரை திறன் எண், அதாவது இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்ற கணக்கு, 4.5 இருந்தாலே 5 ஸ்டார். அப்போது அதை 5 ஆக உயர்த்தினீர்கள். நியாயமான காரியம்தான், தொழில்நுட்பம் வளர வளரத் தேர்வும் கடினமாக வேண்டும். ஆனால் அந்த வருடம் ஆடித் தள்ளுபடியில் என் தங்கை ஒரு கடையில் பழைய ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்டாக்கை 5 ஸ்டார் என்று வாங்கி வந்தாள். பக்கத்திலேயே புது ஸ்டிக்கர் ஒட்டிய 4 ஸ்டார் இருந்திருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். ஸ்டிக்கரில் எந்தக் காலத்துக்கு என்று போட்டிருக்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அது நட்சத்திரத்தில் கால்வாசி அளவுகூட இல்லை.

ஃப்ரிட்ஜில் இன்னொரு வேடிக்கை. ஐஸ் கட்டி நாமே டீஃப்ராஸ்ட் செய்யும் சிங்கிள் டோருக்கு ஒரு அட்டவணை, ஐஸ் கட்டாத ஃப்ராஸ்ட் ஃப்ரீக்கு வேறு அட்டவணை. அதற்குள்ளும் கொள்ளளவுக்குத் தக்கபடி எதிர்பார்ப்பு மாறும். ஆகவே 3 ஸ்டார் வாங்கிய டபுள் டோர், 2 ஸ்டார் சிங்கிள் டோரைவிட அதிகமாகக் கரண்ட் குடிக்கலாம். ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்தவனையும் பத்தாம் வகுப்பில் மூன்றாம் ரேங்க் எடுத்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்ப்பது போன்றது இது. ஃப்ரிட்ஜைப் பொறுத்தவரை நான் நட்சத்திரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். இரவும் பகலும் ஓடுகிற பொருள், அதனால் கீழே இருக்கும் வருட யூனிட்தான் உண்மைக்கு மிக அருகில் இருக்கும். ஆறால் வகுத்தால் ஒரு பில்லில் அதன் பங்கு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கீசர் விஷயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தொட்டி வைத்த கீசரில் நீங்கள் கொடுக்கும் நட்சத்திரம், தண்ணீரை எவ்வளவு சிக்கனமாகச் சூடாக்குகிறது என்பதற்கு இல்லை. சூடான தண்ணீர் தொட்டியில் சும்மா நிற்கும்போது ஒரு நாளில் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதற்கு. எளிதாகச் சொன்னால் அது ஃபிளாஸ்க்குக்குக் கொடுக்கும் மார்க். கரண்டால் தண்ணீரைச் சுடவைப்பதில் ஒரு கீசருக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது. 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக எந்தக் கம்பெனி கீசரானாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகத்தான் செய்யும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாள் முழுக்கக் கீசரைப் போட்டே வைத்திருக்கும் வீட்டுக்கு உங்கள் 5 ஸ்டார் பெரிய உபகாரம். திருச்சியில் நாங்கள் மார்கழி, தையில் காலையில் இருபது நிமிடம் போட்டு, குளித்து முடித்ததும் அணைத்துவிடுகிறவர்கள். தண்ணீர் தொட்டியில் நின்று ஆறுவதற்கே நேரம் கொடுப்பதில்லை. எங்களுக்கு அந்த நட்சத்திரத்தால் கிடைப்பது மிகச் சொற்பம். அதைவிட எவ்வளவு சூடு வேண்டும் என்று வைக்க உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் குறைத்து வைப்பதும், நாலு பேரும் அடுத்தடுத்துக் குளித்துவிடுவதும் அதிகமாக மிச்சப்படுத்தும். இது தெரியாமல் என் சம்பந்தி அம்மாள் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து 5 ஸ்டார் கீசர் வாங்கி, "ஃபைவ் ஸ்டார்தானே, கரண்ட் ஆகாது" என்று ராத்திரியும் அணைக்காமல் விட்டிருந்தார். அடுத்த பில் வந்ததும் மருமகளோடு சண்டை. என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள்.

ஃபேனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அதில் உங்கள் ஸ்டிக்கர் நன்றாகவே வேலை செய்கிறது. 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும், புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால், நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் வீட்டில் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். வருடத்தில் பத்து மாதம் ஃபேன் ஓடும் ஊரில் ஏசியில் ஸ்டார் எண்ணுவதைவிட இதுதான் முதலில் செய்ய வேண்டிய செலவு என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அந்த ஃபேனோடு வரும் ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவது தனிக் கதை.

என் கோரிக்கை பெரியது இல்லை. ஸ்டிக்கரில் தமிழில் மூன்று வரி. முதல் வரி, இந்தப் பொருள் மாதத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்பது, நட்சத்திரம் இருக்கும் அளவிலேயே. பல மாநிலங்களில் மாதாமாதம் பில் என்பதால் மாதக் கணக்கே போதும். இரண்டால் பெருக்க எங்களுக்குத் தெரியும். இரண்டாவது, அந்தக் கணக்கு நாளுக்கு எத்தனை மணி நேரத்தை வைத்துப் போட்டது என்பது. மூன்றாவது, நட்சத்திரம் எதற்காகக் கொடுத்தது என்பது. கீசரில் 'சூட்டைத் தக்கவைப்பதற்கு' என்று இரண்டு சொல் போட்டிருந்தால் சம்பந்தி வீட்டில் பஞ்சாயத்தே நடந்திருக்காது.

இந்தியா முழுக்கப் போகும் ஸ்டிக்கரில் ஒவ்வொரு மொழிக்கும் எங்கே இடம் என்று கேட்பீர்கள். பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் தாளில் 15 மொழிகளில் தொகையை எழுத இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் கதவு அதைவிடப் பெரியது. அப்படியும் முடியாது என்றால் கடைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் அந்தந்த மாநில மொழியில் ஒரு அட்டை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியிட்டிருக்கும் ஸ்டார் லேபிள் செயலியில், வீட்டில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று தமிழில் கேட்டு யூனிட்டைச் சொல்ல ஒரு பக்கம் சேர்த்தாலும் போதும். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள்.

தெருவில் எனக்கு மரியாதை குறையும், பரவாயில்லை. முழங்கால் வலியோடு கடை கடையாக மாடி ஏறுவதும் சேர்ந்தே குறையும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டில் வாஷிங் மெஷின் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு மின்நுகர்வோர்