இஸ்தான்புல்லில் எனக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய உங்கள் அனைவருக்கும்,

நவம்பர் மாதத்தில் 9 நாட்கள் இஸ்தான்புல் நகரில் தனியாகத் தங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு நலமாகத் திரும்பியிருக்கிறேன். அந்த நலம் என் சாமர்த்தியத்தால் மட்டும் வாய்த்ததன்று என்பதைப் பலரறியச் சொல்வது என் கடமை. உங்களில் பெரும்பாலோரின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரிந்த ஓரிருவரிடமும் அனுமதி பெறாததால் எவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. இம்மடல் உங்கள் கண்ணில் படுமா என்பதும் ஐயமே. ஆயினும் இதைப் படிக்கும் யாரேனும் ஒருவர் என்றேனும் உங்கள் கடை வாசலிலோ படகுத்துறையிலோ வந்து நிற்கக்கூடும். அவருக்காவது உங்களைப் பற்றித் தெரிந்திருக்கட்டும்.

வந்திறங்கிய இரவே மனம் கசந்தது. ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் சுற்றுவழியில் அழைத்துச் சென்று, மீட்டர் காட்டியதைவிட மிகுதியாக வாங்கிக்கொண்டு, விடுதி இருக்கும் தெருவுக்கு இரண்டு தெரு முன்பாகவே என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். கருங்கல் பாவிய ஏற்றத்தில் பெட்டியை இழுக்க முடியாமல் நின்றிருந்த என்னைப் பார்த்து, கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு விடுதி வாசல் வரை நடந்து வந்த பெரியவரே, உங்களுக்கு என் முதல் வணக்கம். பணம் கொடுக்க நான் பையைத் திறந்தபோது நெஞ்சின்மேல் கை வைத்துத் தலையை மட்டும் அசைத்தீர்கள். அந்த ஓட்டுநரின் முகம் எனக்கு மறந்துவிட்டது; உங்கள் முகம் மறக்கவில்லை.

தனியாகப் பயணம் செய்வதன் இனிமையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. 532ஆம் ஆண்டில், பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் கட்டப்பட்ட நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குச் சென்றிருந்தேன். 336 தூண்கள் மங்கிய ஒளியில் தண்ணீரின் மேல் வரிசையாக நிற்கும் அந்த இடத்தில், கிரேக்கப் புராணத்தில் வரும் பாம்புக்கூந்தல் அரக்கி மெதூசாவின் தலை ஒன்று தலைகீழாகவும் இன்னொன்று பக்கவாட்டில் சாய்ந்தும் இரண்டு தூண்களுக்கு அடிக்கல்லாகக் கிடக்கின்றன. உடன் வந்தவர்கள் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்போம். நானோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். என்னை விரட்டாமல், கூட்டம் குறைந்ததும் அருகே அழைத்து, கண்ணீர்த்துளி வடிவங்கள் செதுக்கிய தூணைக் கைவிளக்கால் காட்டிய காவலருக்கு நன்றி. நீங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஈரம் படிந்த கல்லின்மேல் உங்கள் விளக்கின் வெளிச்சம் மெல்ல மேலேறிச் சென்றது மட்டும் இன்றும் கண்முன் நிற்கிறது.

அடுத்த நன்றி காடிகோய் படகுத்துறை ஊழியருக்கு உரியது. நகரின் ஆசியக் கரையில் அன்று முழுவதும் அலைந்துவிட்டு, ஐரோப்பியக் கரையிலிருந்த விடுதிக்குத் திரும்ப இருட்டிய பிறகு துறைக்கு வந்தேன். காலையில் இருபது நிமிடங்களில் என்னைக் கொண்டுவந்து சேர்த்த படகுகள் கரையிலேயே கட்டப்பட்டு ஆடிக்கொண்டிருந்தன. தெற்கிலிருந்து வீசும் லோடோஸ் என்னும் காற்று வலுத்தால் மர்மரா கடல் பொங்கிப் படகுப் போக்குவரத்து நின்றுவிடும் என்பது அந்நகரத்தார்க்குப் பழகிய செய்தி. எனக்கு அது முதல் அறிமுகம். கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்திருந்தது. வரைபடமும் மொழிபெயர்ப்புச் செயலியும் விடுதியின் முகவரியும் அதற்குள்ளேயே அடைபட்டுப்போயின. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்பது, காற்று முகத்தில் அறைந்த அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

நீங்கள் கடலைக் காட்டினீர்கள். இரு கைகளையும் குறுக்கே வைத்து இல்லை என்றீர்கள். நான் நகராமல் நிற்பதைக் கண்டதும் எங்கே போக வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். ஐரோப்பியக் கரையில் உள்ள சிர்கெஜி என்ற இடத்தின் பெயர் மட்டும் என் வாயில் வந்தது. உடனே ஒரு துண்டுத்தாளை எடுத்து, மெட்ரோவில் ஒரு நிறுத்தம், அங்கே இறங்கி மர்மராய் ரயில், பிறகு சிர்கெஜி என்று அம்புக்குறி போட்டு எழுதி, ஒவ்வொரு பெயரையும் என்னை உரக்கச் சொல்லச் செய்து, உச்சரிப்பைத் திருத்திய பிறகே அனுப்பினீர்கள். அந்த முதல் நிறுத்தத்தின் பெயர் அய்ரிலிக் செஷ்மெசி, அதாவது பிரிவின் நீரூற்று. தொலைதூரம் செல்லும் பயணக்கூட்டங்களையும் படைகளையும் அக்காலத்தில் அவ்விடத்தில்தான் வழியனுப்பினார்களாம். இதைப் பின்னரே படித்தேன். அன்று அது எனக்குச் சரியாகச் சொல்ல வேண்டிய ஒரு பெயராக மட்டுமே இருந்தது.

மெட்ரோ வாயிலில் என் பயண அட்டையில் பணம் போதவில்லை. பின்னால் வந்த கல்லூரி மாணவியே, நீ உன் அட்டையைத் தட்டி என்னை உள்ளே விட்டாய். ரயில் மாறியபோதும் அவ்வாறே செய்தாய். ஆசியக் கரையின் உஸ்குதாருக்கும் சிர்கெஜிக்கும் இடையே ரயில் 4 நிமிடங்களில் கடலுக்கு அடியில் கடந்துவிடுகிறது. 2013இல் திறந்த அந்தச் சுரங்கப்பாதையில், மேலே படகு போக முடியாத அதே கடலின் அடியில், நாம் அமைதியாக உட்கார்ந்திருந்தோம். லோடோஸ் வீசினால் பலருக்குத் தலைவலி வரும் என்று சொல்லிக்கொண்டு வந்தாய். அப்லா என்று என்னை அழைத்தாய். அக்கா என்பதற்கான சொல் அது என்று எனக்கு முன்பே தெரியும், ஆனால் எனக்காக ஒருவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மர்மராயில் ஏறும்போது முழுத் தொலைவுக்கான கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, இறங்கிய பின் மீதியைத் திருப்பித் தருவார்கள். அதற்காக நீ இயந்திரத்தின் முன் நின்ற இடைவெளியில் உன் பணத்தைத் தர முயன்றேன். வாங்க மறுத்து, கூட்டத்தில் கையசைத்துப் போய்விட்டாய்.

மறுநாள் தலை வலித்தது. காற்றினால்தான் என்று நானும் நம்பிக்கொண்டேன். மாலைக்குள் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தனியாகச் செல்பவர்க்கு மிகக் கடினமான பொழுது எதுவென்று என்னைக் கேட்டால், வழி தவறியதையோ பணம் பறிபோனதையோ சொல்ல மாட்டேன். நான்கு பேர் படுக்கும் அறையில், அறியாத மொழிகளின் மூச்சொலிக்கு நடுவே, நெற்றியில் வைக்கத் தன் கையைத் தவிர வேறு கை இல்லாமல் விழித்துக் கிடப்பதே அது. மறுநாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். கீழ்ப்படுக்கையில் இருந்த பெண்ணே, ஒரு முறை கண் திறந்து பார்த்தபோது மூடி தளர்த்திய தண்ணீர்க் குப்பி ஒன்று என் தலைமாட்டில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டதற்கு மறுநாள் நீ சிரித்தாய், அவ்வளவே.

ஆனால் அந்த இரவைக் கடத்திவிட்டவர் மருந்தாளர்தான். இஸ்தான்புல்லில் மருந்துக் கடைகள் மாலையில் மூடிவிடுகின்றன. சில கடைகள் மட்டும் முறை வைத்து இரவு முழுவதும் திறந்திருக்கும். எந்தக் கடைக்கு அன்று முறை என்பதை மூடிய கடைகளின் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறார்கள். விடுதியின் இரவுப் பணியாளரே, சட்டையின்மேல் குளிராடையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்து அந்தத் தாளைப் படித்து, திறந்திருந்த கடை வரை வழி காட்டினீர்கள். உள்ளே வராமல் தெருவிளக்கின் அடியிலேயே காத்திருந்தீர்கள்.

மருந்தாளர் அம்மையீர், சிறு சன்னல் வழியாக மருந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம் நீங்கள். கதவைத் திறந்து, நாற்காலியில் உட்காரவைத்து, வெப்பமானியில் 39.2 என்று கண்டபின், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன், எது ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் செயலியின் உதவியோடு ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். ஆன்டிபயாட்டிக் கொடுங்கள் என்று நான் மன்றாடியபோது, மருத்துவரின் சீட்டு இல்லாமல் தர இயலாது என்று மறுத்தீர்கள். அந்த மறுப்புக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். காய்ச்சல் மாத்திரைப் பெட்டியின்மேல் 3×1, அதாவது நாளைக்கு மூன்று வேளை ஒவ்வொன்று, என்று எழுதி, அருகில் தோக் என்று எழுதினீர்கள். எனக்கு விளங்கவில்லை என்று கண்டு, ஒரு தட்டு வரைந்து அதில் உணவைக் குவித்து, வயிற்றைத் தட்டிக் காட்டினீர்கள். பெட்டியின் மறுபக்கத்தில் 112 என்று எழுதி, மூச்சுத் திணறினால் உடனே அழைக்க வேண்டும், இரண்டு நாளில் காய்ச்சல் தணியாவிட்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று இருமுறை சொன்னீர்கள். நான் எழுந்தபோது கெச்மிஷ் ஓல்சுன் என்றீர்கள். கடந்து போகட்டும் என்பது அதன் பொருள் என்று செயலி காட்டியது.

உங்கள் அனைவரையும் நினைக்கும்போது ஒன்று என்னை நெகிழச் செய்கிறது. ஏன் தனியாக வந்தாய், துணைக்கு யாரும் இல்லையா என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. திரும்பிப் போய்விடு என்றும் சொல்லவில்லை. நான் தடுமாறிய இடத்தில் கை கொடுத்து, நடக்கத் தொடங்கியதும் கையை எடுத்துக்கொண்டீர்கள். அதனால்தான் என் பயணம் கடைசி நாள் வரை என்னுடையதாகவே இருந்தது. டிக்கெட்டை நான் மாற்றவில்லை. மீதமிருந்த நாட்களையும் அந்த நகரிலேயே கழித்தேன்.

அம்மையீர், மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் முற்றிலும் விட்டது. நீங்கள் எழுதித் தந்தபடி ஒவ்வொரு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே மாத்திரையை எடுத்துக்கொண்டேன். புறப்படும் நாளில் இதை நேரில் சொல்வதற்காக உங்கள் கடைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் கடை பூட்டியிருந்தது. கண்ணாடியில் அன்றைய முறைக்குரிய வேறொரு கடையின் பெயர் ஒட்டியிருந்தது. விமானத்திற்கு நேரமாகிவிட்டதால் நிற்க முடியவில்லை. அது கடந்து போயிற்று என்று சொல்லத்தான் வந்தேன்.

மாறா நன்றியுடன்,
உங்கள் அப்லா