கோடைக்கு மலாகா கடற்கரை கிளம்பும் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மா அப்பாக்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், லண்டன், பாரிஸ், ஜெர்மனி என்று உறவும் நட்பும் எனக்கு அனுப்பும் தெற்கு ஸ்பெயின் பயணத் திட்டங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். திங்கள் கிரனாடா, செவ்வாய் செவில்யா, புதன் ஜிப்ரால்டர், வியாழன் ரோந்தா. நடுவில் எங்காவது அரை நாள் கடற்கரை. "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு பாக்காமப் போறதா?" என்று கேட்பீர்கள். மலாகாவில் குடியிருப்பவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். சின்னப் பிள்ளைகளோடு வருகிற வருடத்தில் அந்தப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கோஸ்டா டெல் சோல் என்கிற இந்த மலாகாக் கடற்கரையிலேயே இருங்கள்.

மலாகாவிலிருந்து கிரனாடா சுமார் 125 கிலோமீட்டர், செவில்யா 200க்கும் மேல். போன தூரம் திரும்பியும் வர வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் செவில்யா வெயில் 40 டிகிரியைத் தொடுவது அங்கே சாதாரணம். காரின் பின்சீட்டில் தூங்கி எழுந்து, வெயிலில் வரிசையில் நின்று, அழுது, மறுபடி பின்சீட்டில் தூங்குகிற ஆறு வயதுக் குழந்தைக்கு கிரனாடாவின் அல்ஹம்ப்ரா மாளிகையில் என்ன இருக்கிறது? அது எங்கேயும் போய்விடாது. பிள்ளை வளர்ந்து தானே கேட்கட்டும், அப்போது கூட்டிப் போங்கள்.

சரி, இங்கே என்ன இருக்கிறது என்றால், முதலில் ஒரு ரயில் இருக்கிறது. சி1 என்று பெயர். மலாகா நகர நடுவிலிருந்து விமான நிலையம், தொர்ரெமோலினோஸ், பெனால்மாதெனா வழியாக ஃபுயென்ஹிரோலா வரை போகும். இருபது நிமிடத்துக்கு ஒன்று. விமானத்தை விட்டு இறங்கியதும் பெட்டியை உருட்டிக்கொண்டே ஏறிவிடலாம். மேற்கே மார்பெய்யா வரை இந்தப் பாதை இன்னும் போகவில்லை என்பது இங்கே இருப்பவர்களின் நீண்ட நாள் குறை. அதனால் தங்கும் இடத்தை இந்த ரயில் பாதையை ஒட்டியே பிடியுங்கள். கார் வாடகையும் மிச்சம், பார்க்கிங் தேடும் சண்டையும் மிச்சம்.

ஃபுயென்ஹிரோலா ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகிற தூரத்தில் பயோபார்க் விலங்குக்காட்சி சாலை. கம்பிக் கூண்டு வரிசையே கண்ணில் படாது. மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா என்று காடுகளாகவே அமைத்திருக்கிறார்கள். கொரில்லா உண்டு, கொமோடோ டிராகன் உண்டு. கோடையில் இரவிலும் திறந்திருப்பதால் வெயில் தாழ்ந்தபின் போங்கள். இன்னொரு நாள் பெனால்மாதெனா ஸ்டேஷனில் இறங்கினால் கலமோர்ரோ மலைக்கு ரோப் கார். ஏறக்குறைய 770 மீட்டர் உயரம். வானம் தெளிந்திருந்தால் கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்கக் கரையே தெரியும். காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், காலையிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் நெர்ஹா குகையைத்தான் காட்டுவேன். ரயில் கிடையாது, மலாகாவிலிருந்து கிழக்கே பஸ்ஸில் போக வேண்டும். 1959 ஜனவரி 12 அன்று பக்கத்து மாரோ கிராமத்துப் பையன்கள் ஐந்து பேர் வௌவால் பிடிக்கப் போய், ஒரு இடுக்குக்குள் நுழைந்து கண்டுபிடித்த குகை அது. உள்ளே எலும்புக்கூடுகளைப் பார்த்து மிரண்டு ஓடி வந்து ஊரில் சொன்னார்கள். மறு வருடமே மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் இந்தக் கதையை பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களே உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்குவார்கள். வெளியே அனல் பறந்தாலும் உள்ளே எப்போதும் இருபது டிகிரிக்குப் பக்கம்தான். கடைசிக் கூடத்தில் 32 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புத் தூண், ஏறக்குறைய பத்து மாடி உயரம். மேலிருந்து சொட்டிய நீரும் கீழே படிந்த சுண்ணாம்பும் சேர்ந்து பல ஆயிரம் ஆண்டுகளில் கட்டியது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற குழந்தையை அவசரப்படுத்தாதீர்கள், அதுதான் என் வேண்டுகோள். படிகள் நிறைய, தள்ளுவண்டி உதவாது. முட்டிவலி உள்ள பாட்டி தாத்தாவை நெர்ஹா ஊருக்குள் கடலைப் பார்த்த திண்ணை போல இருக்கும் 'ஐரோப்பாவின் பால்கனி'யில் உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.

திரும்பும் முன் பக்கத்து மலையில் இருக்கும் ஃப்ரிகிலியானாவுக்கு ஒரு நடை. சுவரெல்லாம் வெள்ளையடித்த ஊர். அங்கே இன்றும் கரும்புச் சாறு காய்ச்சிப் பாகு எடுக்கும் ஆலை இருக்கிறது. மெல்லியதாக நறுக்கிப் பொரித்த கத்தரிக்காய் மேல் அந்தக் கறுத்த பாகை ஊற்றித் தருவார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிற வீட்டாருக்கு இந்தக் கரையில் இதைவிட நல்ல தட்டு கிடையாது. மீன் சாப்பிடுபவர்கள் கடற்கரைக் கடையில் எஸ்பேத்தோ கேளுங்கள். மணல் நிரப்பிய பழைய படகில் விறகு மூட்டி, மத்தி மீனைக் குச்சியில் கோத்து, நெருப்புக்குப் பக்கத்தில் சாய்த்து நட்டுச் சுடுவார்கள். உப்பைத் தவிர மசாலா எதுவும் கிடையாது. சுடுகிறவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குச்சியை இடம் மாற்றுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். மதியச் சாப்பாடு இங்கே இரண்டு மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குப் பக்கம். அதற்கு ஏற்ப மாலையில் குழந்தைக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

நடுப்பகலில் எந்த இடமும் வேண்டாம். நிழலும் தூக்கமும்தான். உள்நாட்டிலிருந்து 'தெர்ரால்' காற்று அடிக்கும் நாட்களில் இன்னும் கவனம் தேவை. வெளியே உடம்பு பொரியும், கடல் நீரோ அன்றைக்கென்று சில்லிட்டுக் கிடக்கும். தெரியாமல் குழந்தையை ஓடவிட்டுக் கடலில் இறக்காதீர்கள்.

மலாகா நகரத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரோமானிய அரங்கம் நடைபாதையிலிருந்தே தெரியும். 1951 வரை மண்ணுக்குள் கிடந்தது அது. மெர்செத் சதுக்கத்தில்தான் 1881இல் பிக்காசோ பிறந்தார். அவருடைய அப்பா புறாக்களை வரைந்த ஓவியர், சதுக்கத்தில் இன்றும் புறாக்கள்தான். அப்புறம் தெருவில் பிஸ்நாகா என்கிற மல்லிகைச் செண்டு விற்பவர் வருவார். முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பந்து பந்தாக மல்லிகை செருகியிருக்கும். காய்ந்த செடித் தண்டின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு மொட்டு என்று கோத்தது. வாங்கிய பின் கையிலேயே மலரும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

காமினீத்தோ தெல் ரேய் மலைப்பாதையைப் பலரும் கேட்கிறீர்கள். ஆற்றுக்கு மேல் நூறு மீட்டர் உயரத்தில் பாறைச் சுவரில் பதித்த பாதை. எட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, வயதுச் சான்று கேட்பார்கள். கெஞ்சிப் பயனில்லை, கைக்குழந்தையோடு அத்தனை தூரம் போய்த் திரும்பாதீர்கள்.

கடைசியாக வீடு. 2024 ஜூன் 29 அன்று மலாகாவில் ஆயிரக்கணக்கானோர் வாடகை உயர்வை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். சுற்றுலாவுக்கு விடும் வீடுகள் பெருகியதில் என் அண்டை வீட்டார் பலருக்கு ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. அதனால் ஹோட்டலோ, முறையாகப் பதிவு எண் பெற்ற வீடோ பார்த்து எடுங்கள். நடு இரவில் மாடிப்படியில் பெட்டி உருட்டுவதையும் உரக்கப் பேசுவதையும் தவிருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் வேலைக்குப் போகிறவர் தூங்குகிறார்.

அன்புடன்,
மலாகாவிலிருந்து ஒரு தமிழர்