சாலைக்கும் பாலத்துக்கும் பணம் எங்கிருந்து வர வேண்டும்: நம் நலச்சங்கத்தின் 2023-24 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். செயலாளராக நான் வாசிக்கும் இரண்டாவது ஆண்டறிக்கை இது. பொங்கல் விழா, கொடியேற்றம், தெருவிளக்கு, கொசு மருந்து, குப்பை வண்டி வரும் நேரம் இதெல்லாம் வழக்கம்போல நடந்தது, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாதக் கூட்டங்களில் பாதி நேரம் ஒரே பேச்சுதான்: சாலையும் வாய்க்கால் பாலமும். பாதாள சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மூடினார்கள், முதல் மழையிலேயே மண் இறங்கிவிட்டது. அதில் வண்டி சறுக்கி நம் உறுப்பினர் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது, இன்னும் அவரால் குடத்தைத் தூக்க முடியவில்லை. வாய்க்கால் பாலத்தில் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் இல்லை, அடியில் சிமெண்டு உதிர்ந்து கம்பி தெரிகிறது, அதன் மேல்தான் தினமும் காலையில் ஸ்கூல் வேன் போகிறது.

கூட்டத்துக்கு வருகிறவர்களின் கருத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று செயற்குழுவில் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனோம். பழுதுபார்க்கும் பணம் எங்கிருந்து வர வேண்டும், நீங்கள் ஏதாவது கொடுக்கத் தயாரா என்று கேட்டோம். வாடகைக்கு இருப்பவர்களையும், தெருமுனையில் கடை வைத்திருப்பவர்களையும் விடவில்லை.

பெரும்பாலான வீடுகளில் முதலில் வந்த பதில் "ஏற்கெனவே கட்டிட்டோமே சார்" என்பதுதான். அதில் நியாயம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்தபோது நம் திருச்சியைப் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,200 வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் கூடியது. 2023 நவம்பரில் புது வண்டிகளுக்கான ஆயுள் வரியும் ஏறியது: ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள பைக் என்றால் 12 சதவீதம். பெட்ரோல் போடும்போதெல்லாம் சாலை மற்றும் உள்கட்டமைப்பு வரி என்று மத்திய அரசுக்கு ஒரு தொகை போகிறது. இவ்வளவும் கட்டிவிட்டு மறுபடியும் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வருகிறீர்களே என்று ஒரு மாமி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

ஆனால் ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் விளக்க வேண்டியிருந்தது, இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வண்டிக்கு நாம் கட்டும் வரியை ரோடு டாக்ஸ் என்று சொல்கிறோமே தவிர, அது சாலைக்கென்று தனியாக எடுத்து வைக்கிற பணம் இல்லை. மாநில அரசின் பொதுக் கணக்கில் சேர்ந்து சம்பளம், ஓய்வூதியம், மானியம் எல்லாவற்றோடும் கலந்துவிடும். பெட்ரோலோடு கட்டும் அந்தச் சாலை வரி 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய நிதியத்துக்குப் போகிறது. அதில் தேசிய நெடுஞ்சாலையோடு ரயில்வே பாலம் போன்ற வேலைகளுக்கும் பங்கு உண்டு. நம் தெரு மாநகராட்சியின் சொந்த வருமானத்தையும் மேலிருந்து வரும் மானியத்தையும் நம்பித்தான் இருக்கிறது. இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் இன்னும் கூடியது. கூடட்டும், யாரிடம் கேட்பது என்பதாவது இப்போது தெரிகிறது.

அடுத்தது 'நமக்கு நாமே' திட்டம். மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போட்டு வேலையை எடுத்துச் செய்யும். வேலை சீக்கிரம் முடியும், கட்டிவிடலாம் என்று ஓய்வுபெற்ற பொறியாளரான நம் மூத்த உறுப்பினர் பேசினார், நானும் அவர் பக்கம் நின்றேன். எதிர்த்தவர்களில் குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் ஒரு அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "பணம் இருக்கிற தெருவுக்கு ரோடு வரும், இல்லாத தெருவுக்கு வராது. அப்படியாப்பா சங்கம் நடத்தப் போறீங்க?" வாடகைக்கு இருப்பவர்கள், அடுத்த வருடம் இங்கே இருப்போமா என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்றார்கள். கடைசியில் கை தூக்கச் சொன்னோம். சாலைக்கு வசூல் வேண்டாம் என்ற பக்கம்தான் அதிகம். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அந்த அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றது. யார் பணத்தில் போட்டாலும் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும். 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளரே இதை வலியுறுத்தி உத்தரவு போட்டார். நம் தெருவில் மேலே மேலே போட்டதில் பழைய வீடுகளின் வாசல் பள்ளத்துக்குள் போய்விட்டது, மழை பெய்தால் தண்ணீர் திண்ணை வரை வருகிறது.

காவிரிப் பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருத்துக் கேட்கப் போன இடத்திலெல்லாம் அந்தப் பேச்சு வந்தது. ஸ்ரீரங்கம் பக்கம் இருக்கும் நாம் அந்தப் பாலம் இல்லாமல் எப்படித் தவித்தோம் என்று யாரும் மறக்கவில்லை. 1976-இல் கட்டியது. 2022 செப்டம்பரில் பராமரிப்புக்காகப் போக்குவரத்தை நிறுத்தி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் சென்னை பைபாஸ் பாலத்தைச் சுற்றிப் போய் வந்தோம். அத்தனை கஷ்டப்பட்டும், அதற்குச் செலவான ரூ.6.84 கோடியை வீண் என்று சொன்னவர் நாங்கள் போன வீடுகளில் ஒருவர்கூட இல்லை. வேலை கண்ணுக்குத் தெரிந்தது, வண்டி குலுங்காமல் போனது, செலவு எவ்வளவு என்றும் தெரிந்தது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அங்கே மாற்றியது பெரும்பாலும் தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் இருக்கும் பேரிங்குகளையும், தளத்தின் இணைப்புகளையும்தான். வெயிலில் தளம் நீளும், குளிரில் சுருங்கும், அதற்கு இடம் கொடுப்பது அந்த இணைப்பு. அதில் மண் அடைத்தால் அசைவு நின்றுபோகும், தண்ணீர் கீழே இறங்கி பேரிங்கை அரிக்கும். இடையிடையே மண்ணை எடுத்துச் சுத்தம் செய்வது சின்ன வேலைதான், ஆனால் அதைச் செய்யுங்கள் என்று நாம் யாரும் மனு கொடுத்ததில்லை. புதுப் பாலம் வேண்டும் என்றுதான் மனு கொடுக்கிறோம், திறப்பு விழாவுக்குத்தான் போகிறோம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் போனதும், புது அணைக்கு ரூ.387.60 கோடி ஆனதும் நம் வீட்டுக்கு மேற்கே நடந்த கதை. பழைய கட்டுமானம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் வருடாவருடம் பராமரிக்க ஒதுக்கும் பணத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சரி, வாய்க்கால் பாலம். கைப்பிடிச் சுவருக்கு மட்டும் விருப்பப்பட்டவர்கள் கொடுக்கலாம் என்று முடிவாகி, பலர் உடனே பெயர் கொடுத்தார்கள், சாலைக்கு வேண்டாம் என்று கை தூக்கியவர்களும் அதில் உண்டு. ஆனால் பாலம் யாருடையது என்பதிலேயே நின்றுபோனோம். சாலை எங்களுடையது, பாலம் இல்லை என்கிறது ஓர் அலுவலகம். வாய்க்கால் எங்களுடையது, பாலம் இல்லை என்கிறது இன்னொன்று. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். ஒரு பதில் 30 நாள் கெடு தாண்டி வந்தது, பாலம் தங்கள் பதிவேட்டில் இல்லை என்று. மற்றதற்கு மேல்முறையீடு போட்டிருக்கிறோம். உரிமை தெரியாமல் ஒரு ரூபாயும் வசூலிக்க மாட்டோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. நம் வார்டில் சாலை, பால வேலை எது நடந்தாலும் தொகை, ஒப்பந்தக் காலம், பழுது வந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதிய பலகை வைக்கக் கேட்பது. சின்னப் பாலங்களை ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்னால் சோதித்துச் சுத்தம் செய்யத் தனியாகப் பணம் ஒதுக்கக் கேட்பது. இரண்டு மனுக்களும் வாசல் மேசையில் இருக்கின்றன, வாடகைக்கு இருப்பவர்களும் கையெழுத்துப் போடலாம். வேன் ஓட்டும் தம்பியிடம் பேசிவிட்டோம். பிள்ளைகளைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறக்கிவிடுவார். காலையில் கூட நின்று நடத்திக் கூட்டிப் போக வாரத்துக்கு இரண்டு பேர் வேண்டும், முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.